ஐம்பத்து மூன்றாவது வரி

என் மாமனார் சத்தியநேசன் இருபத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். போன ஜனவரியில் ஒரே ஒரு நாள், பத்தாம் வகுப்புக் கரும்பலகையில், ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் சறுக்கிய யானையை யாரும் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. மாமாவைப் போட்டார்கள்.

வேளை அப்படி. டிசம்பரில்தான் புதுக்கடை ஜங்ஷனில் ஒரு வேன் அவருடைய பைக்கைத் தட்டியதில், தலையில் ஏழு தையலோடு ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பேனா பிடித்தால் மட்டும் வலது கை விரல்கள் நடுங்கும். ஊர் ஸ்கேன் பார்த்தா பேசும்? வீடியோ வந்த மறுநாளே அவருக்கு ‘தலையில அடிபட்ட சாரு’ என்று பெயர் விழுந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தின் தாளாளர் கோலப்பன் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன்தான். அதுதான் கஷ்டம், கெட்டவன் என்றால் நானே வாசலில் வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

“சாரே, மே முடியது வர ரெஸ்ட் எடுங்க. ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போ லைப்ரரிய பாத்துக்கிடுங்க. கிளாஸ் வேண்டாம்னு நீங்களே ஒரு கடுதாசி தந்திட்டா, ஒங்களுக்கும் மரியாத, எனக்கும் மரியாத” என்று டைப் அடித்த ஒரு தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மாமா அதை பைபிளுக்குள் வைத்தார். அவரைக் குடைந்தது கோலப்பனும் இல்லை, வீடியோவும் இல்லை. “எனக்க தல செரியா இருக்கா, இல்லியா? அது எனக்கே தெரியல்ல மக்கா” என்று என்னிடம் சொன்னார். தன் தலையைத் தன் தலையாலேயே எப்படிச் சோதிப்பது? யோசித்துப் பார்த்தால் பயங்கரமான விஷயம். ஒரு மாதம் யோசித்து, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

நான் கரூர்க்காரி. இந்த வீட்டு மகன் ஆன்ட்ரூஸோடு கோயம்புத்தூரில் படித்து, காதலித்து, சண்டை போட்டுக் கட்டிக்கொண்டவள். அவர் கத்தாரில் இன்ஜினியர். நானும் எட்டு மாதக் குழந்தையும் இங்கே. கணக்கு என்றாலே எனக்கு ஒவ்வாமை. இருந்தும் மாமா ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

“முப்பத்தி ஒண்ணு பகா எண். ஒண்ணாலயும் அதாலயும் மட்டுந்தான் வகுபடும். அத வேற எந்த எண்ணாலயும் வகுத்துப் பாக்காம நான் நிரூபிக்கட்டா? அஞ்சு ரெண்ட ஒண்ணோட ஒண்ணு பெருக்கினா முப்பத்தி ரெண்டு, ஒண்ண கழிச்சா முப்பத்தி ஒண்ணு. இப்ப நாலுல தொடங்கு. நாலுக்க வர்க்கம் பதினாறு, ரெண்டு கழிச்சா பதினாலு. பதினாலுக்க வர்க்கத்துல ரெண்டு கழிச்சா நூத்தித் தொண்ணூத்தி நாலு. அத முப்பத்தி ஒண்ணால வகுத்தா மிச்சம் எட்டு. எட்டெட்டு அறுபத்தி நாலு, ரெண்டு போனா அறுபத்தி ரெண்டு. முப்பத்தி ஒண்ணால வகுத்தா?”

“மிச்சம் இல்லீங்க மாமா. பூஜ்யம்.”

“பூஜ்யம் வந்தா பகா எண். வரல்லேங்கி இல்ல. மனசிலாச்சா? அஞ்சு ரெண்டுக்கு மூணு படி. எனக்க எண்ணு எம்பத்தி ஒம்பது ரெண்ட பெருக்கி ஒண்ண கழிச்சது. அதுக்கு எம்பத்தி ஏழு படி.”

அந்த எண்ணை ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டினார்: 618970019642690137449562111. இருபத்தேழு இலக்கம். இது பகா எண் என்று நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் கையால் கணக்குப் போட்டு நிரூபித்தாயிற்றாம். அப்புறம் நீங்கள் எதற்கு என்று கேட்டேன். விடை தெரிந்திருப்பதுதான் வசதி என்றார். கடைசிப் படியில் பூஜ்யம் வந்தே ஆகவேண்டும். இடையில் ஒரு இலக்கம், ஒரே ஒரு இலக்கம் தப்பினாலும் அது வராது. தற்செயலாக வர வாய்ப்பே கிடையாது. இரக்கப்பட்டுப் பாஸ் போட அந்த எண்ணுக்குத் தெரியாது. பூஜ்யம் வந்தால் ஜூனில் வகுப்புக்குப் போவார். வராவிட்டால் கடுதாசியில் கையெழுத்து. அவர் பேசி முடித்துவிட்டார். வீட்டில் எங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

நிபந்தனை ஒன்றுதான். முடிகிறவரை கால்குலேட்டர், கம்ப்யூட்டர் எதுவும் தொடக்கூடாது. நானும் சத்தியம் செய்தேன்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் தொடங்கினோம். முதல் ஐந்து படி சின்ன எண்கள், ஒரே நாளில் முடிந்தன. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு படி, ஞாயிறு கிடையாது. முன்னறைச் சுவரில் கரும்பலகை. சாக்பீஸ் பிடித்தால் அவர் கை நடுங்காது. இருபத்தாறு வருஷப் பழக்கம். இருபத்தேழு இலக்க எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஐம்பது சொச்சம் இலக்கத்தில் வரும் விடையில் இரண்டைக் கழித்து, சார்ட்டில் உள்ள எண்ணால் வகுத்து, மிச்சத்தைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆகும். அந்த மிச்சத்தை அவர் சொல்லச் சொல்ல நான் கட்டம் போட்ட நோட்டில் எழுதவேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம், ஒரு வரிக்கு இருபத்தேழு கட்டம். சில நாள் விடை இருபத்தாறு இலக்கத்தில் நிற்கும், கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். மறுநாள் நான் வாசிப்பேன், அவர் பலகையில் எழுதித் தொடங்குவார்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. விடையின் இலக்கங்களைக் கூட்டி, கூட்டியதை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கமாக்கி அவர் ஓரத்தில் எழுதச் சொல்வார். நான் எழுதி முடித்த வரியையும் அதேபோல் கூட்டி, ஓரத்து எண்ணோடு ஒத்துப் போகிறதா என்று சொல்லவேண்டும். ஒத்தால் “சரிங்க மாமா.” அதைக் கேட்ட பிறகுதான் பலகையை அழிப்பார்.

ஏப்ரல் நடுவில் கோடை மழை பிடித்தது. முன்னறைக்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மேலே ஜல்லியைக் கொட்டுவது போன்ற சத்தத்துக்கு நடுவே ஒரு நாள் அவர் இலக்கங்களைச் சொன்னார், நான் எழுதினேன். உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது. கூட்டிப் பார்க்க மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. “சரிங்க மாமா” என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். அவர் பலகையை அழித்தார்.

அதை அன்றைக்கே மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறந்த மாதிரி வைத்திருந்தேன்.

மே மாதம் ஏற ஏற வீட்டில் பேச்சு குறைந்தது. எண்பதாவது படியைத் தாண்டிய பிறகு மாமா மத்தியானச் சாப்பாட்டை விட்டார். என் மாமியார் ஷீஜா, ஊரையே வாயால் மேய்க்கிறவர், மிக்ஸி போடவே பயந்தார். வாரக் கணக்கில் ஆன்ட்ரூஸ் போனில் கேட்ட முதல் கேள்வி குழந்தையைப் பற்றி இல்லை, “எத்தனையாவது படி?” என்பதுதான்.

எண்பத்தேழாவது படி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நானும் மாமியும் கதவோரம் நின்றோம். பெருக்கி முடித்தார். இலக்கங்களைக் கூட்டிச் சோதித்தார், சரி. வகுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு கழித்தலுக்கும் பலகையில் ஒரு வரி இறங்கியது. கடைசிக் கழித்தலில் வரிசையாகப் பூஜ்யங்கள் விழவேண்டும். வலது ஓரத்திலிருந்து கழித்தார். முதல் இலக்கம் மூன்று.

நிறுத்தவில்லை. மீதி இருபத்தாறு இலக்கங்களையும் நிதானமாகக் கழித்து எழுதினார். பூஜ்யம் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு முழு எண் பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

மாமா சாக்பீஸைத் தட்டில் வைத்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “எங்கியோ தப்பியிருக்கு. எங்கன்னு தெரியல்ல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எழுதினத நீ தெனமும் கூட்டிப் பாத்தாச்சு. அப்போ தப்பு எனக்க பக்கந்தான்” என்றார்.

‘தெனமும்’ இல்லை, ஒரு நாள் விட்டுப்போனது எனக்குத் தெரியும். அப்போதே வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. நான் கோழை என்று எனக்குத் தெரிந்த நாள் அது. அவர் பைபிளைத் திறந்து, தாளை எடுத்து, நடுங்கும் விரலால் கையெழுத்துப் போட்டதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் கோணல்மாணலாக விழுந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு அவர் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது நான் நோட்டோடு அடுக்களையில் உட்கார்ந்து வரி வரியாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒத்தது, ஒத்தது, ஒத்தது. அவர் கடுதாசியோடு கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டது. ஐம்பத்து மூன்றாவது வரிக்கு வந்தேன். ஓரத்தில் நாலு. கூட்டினால் மூன்று. மறுபடி கூட்டினேன். மூன்று. இன்னொரு தடவையும் மூன்றுதான்.

செய்த சத்தியத்தை அங்கேயே உடைத்தேன். அந்த வரியையும் பலகையில் நின்ற கடைசி விடையையும் படம் எடுத்து ஆன்ட்ரூஸுக்கு அனுப்பி, எழுப்பினேன். அங்கே அப்போது காலை ஆறேகால்தான். கால் மணி நேரத்தில் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

“அம்பத்தி மூணாவது வரில பதினோராவது கட்டத்துல ஒரு எட்டு கூடுதலா இருக்கு. அத எடுத்தாச்சுன்னா சரியான நம்பர், இருபத்தாறு இலக்கம். அதுவர அப்பா போட்டது அம்புட்டும் சரி. பொறவு, அந்தத் தப்பான நம்பர்ல இருந்தே நானும் முப்பத்தி நாலு படி போட்டுப் பாத்தேன். கடைசில என்ன வந்துது தெரியுமா? போர்டுல அப்பா எழுதி வச்சிருக்கிய அதே நம்பரு. ஒரு இலக்கம் மாறல்ல.”

போனை வைத்துவிட்டு அந்த எட்டைப் பார்த்தேன். சொல்லாத எட்டை நான் எங்கிருந்து எழுதினேன்? மழை, ஷீட், குழந்தை. இலக்கங்களுக்கு நடுவே அவர் உள்பக்கம் திரும்பி ஏதோ கத்தியது நினைவுக்கு வந்தது. மாமியிடம் கேட்டேன். “மாமி, ஈஸ்டருக்கு முந்தி ஒரு நாள் மத்தியானம் பெரிய மழை பெய்ததே, அன்னைக்கு மாமா உங்களைக் கூப்பிட்டாருங்களா?”

“பின்ன, விளிக்காமலா? மொட்ட மாடில நல்லமொளவு காயப் போட்டிருந்தேனே, அதுக்குத்தான் ‘ஏட்டி, ஏட்டி’ன்னு விளிச்சாரு. ரெண்டு மட்டம் விளிச்ச பொறவுதான் எனக்கே கேட்டுது” என்றார் மாமி.

எங்கள் கரூரில் யாரும் பெண்டாட்டியை ஏட்டி என்று கூப்பிடுவதில்லை. இங்கே வந்த ஒன்றரை வருஷத்தில் அந்தச் சொல் எனக்குப் பழகித்தான் இருந்தது. ஆனால் ஏழு, இரண்டு, ஐந்து என்று இலக்கமாக வந்துகொண்டிருக்கும்போது நடுவில் ‘ஏட்டி’ விழுந்தால் காது அதை ‘எட்டு’ என்றுதான் வாங்கும். முதல் ஏட்டியைக் கட்டத்தில் போட்டிருக்கிறேன். இரண்டாவது, மழையில் போய்விட்டது. இருபத்தாறு இலக்கம் இருபத்தேழாகி, கடைசிக் கட்டமும் நிறைந்து, வரி பார்க்க லட்சணமாக இருந்திருக்கிறது. கூட்டிப் பார்த்திருந்தால் மூன்றே நிமிஷத்தில் அகப்பட்டிருக்கும்.

மாமாவுக்கு போன் போட்டேன். போன் மேஜைமேலேயே அடித்தது.

குழந்தையை மாமியின் கையில் கொடுத்துவிட்டு, நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கோலப்பன் பள்ளிக்கூடத்துக்கு ஒன்பதரைக்கு வருவார். மணி ஒன்பது பத்து. புதுக்கடைச் சந்தை முக்கில் மீன் வண்டியும் பஸ்ஸும் முட்டிக்கொண்டு நின்றன; ஹாரன் அடித்து அடித்து என் கட்டைவிரல் வலித்தது. ஒரு ஆட்டோக்காரர் ஏதோ திட்டினார். திட்டட்டும் என்று சந்து வழியாக விட்டேன். அவர் கடுதாசியைக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். வாங்கின கடுதாசியை எந்தத் தாளாளர் திருப்பிக் கொடுப்பார்?

மாமா ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் கவர். உள்ளே கோலப்பனின் நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

“என்ன மக்கா? பிள்ளைக்கு என்ன?” என்று பதறி எழுந்தார்.

நான் நோட்டை விரித்தேன். எட்டைக் காட்டினேன். மழையைச் சொன்னேன், ஏட்டியைச் சொன்னேன், ஆன்ட்ரூஸ் சொன்னதைச் சொன்னேன். மாமா நோட்டை வாங்கி அந்த வரியை உதட்டுக்குள் கூட்டினார். ஓரத்து நாலைத் தொட்டுப் பார்த்தார்.

“அன்னைக்கு நீ கூட்டிப் பாத்தியா?”

இதைத்தான் கேட்பார் என்று தெரியும். “இல்லீங்க மாமா. பாக்காமலே சரின்னு சொன்னேன். நேத்தும் சொல்லாம நின்னேன்.”

அவர் முகம் சிவந்தது. இருபத்தாறு வருஷத்துப் பிள்ளைகள் பார்த்துப் பயந்த முகம் இதுதான் போல. “செவில தப்பா கேட்டது தப்பில்ல. கூரமேல அம்புட்டு மழ. பாக்காம செரின்னு சொன்னியே, அதாக்கும் தப்பு. நேத்து சாய்ங்காலம் முதல் நான் எனக்க தலைய ஒரு நசிஞ்ச பாத்திரம் போல வச்சிட்டிருக்கேன். தெரியுமா ஒனக்கு?”

அவர் நோட்டைத் திருப்பி அடுத்த வரிகளைப் பார்த்தார். குரல் இறங்கி வந்தது.

“அதுக்குப் பொறவுள்ள முப்பத்தி நாலும்?”

“முப்பத்தி நாலும் சரிங்க மாமா. ஒரு இலக்கம் தப்பலை.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட.”

மாமா பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தைப் பக்கத்துச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் தையல் போட்டபோதுகூட அழவில்லையாம்.

கோலப்பன் வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். கதவு பாதி திறந்திருந்தது.

“கடுதாசி கொண்டு வந்தியளா சாரே?”

“கொண்டு வந்தேன். தரப் போறதில்ல.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “அது எப்படி? பெத்தோரு கேட்டா நான் என்ன சொல்ல?”

“திங்கக்கிழம ஸ்கூல் தொறக்கும்போ பத்தாம் கிளாஸுக்கு நான் போறேன். நீங்க பின்னால பெஞ்சில இருங்க. ஒரு மாசம் இருங்க. நான் தப்பு போட்டா பிள்ளைகளு கைய தூக்கட்டு, திருத்துவேன். தப்பே போடாத வாத்தியாரு வேணும்னா அப்படி ஒருத்தனக் கண்டுபிடிச்சு எனக்கும் காட்டித் தாருங்க.”

நான் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கோலப்பன், “ஒரு மாசம். நான் வந்து இருக்கத்தான் செய்வேன்” என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கம் நடந்தோம். மாமா கவரை நாலாகக் கிழித்து, போட இடம் தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

“நாளைக்குத் தொடங்கணும். அம்பத்தி மூணுல இருந்து” என்றார்.

“ஆன்ட்ரூஸ் கடைசிவரை போட்டுட்டாருங்க மாமா. அந்த எட்ட எடுத்தா பூஜ்யம் வருதாம்.”

“அது மெஷினுக்க பூஜ்யம். எனக்கு எனக்க பூஜ்யம் வேணும்.”

ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “யாருங்க மாமா எழுதறது?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்னவோ விளங்காததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார்.

“நீதான். வேற யாரு?”

ஒரு தப்புக்காக அவரிடமிருந்து வகுப்பறையைப் பிடுங்க வந்தார்கள். அவர் என்னிடமிருந்து ஒரு நோட்டைக்கூடப் பிடுங்கவில்லை. ரோடு என்றும் பாராமல் நான் அழுதேன். மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “போதும் மக்கா, ஆளுவ பாக்கியாவ. வண்டிய எடு, பிள்ள தேடும்” என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார்.